மைலேஜ் எங்கே போச்சு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்றாலே இன்று எல்லோரும் தொழிற்சாலைக் கதைதான் சொல்கிறார்கள். எந்த வருஷம் எந்தக் கம்பெனி வந்தது, எத்தனை ஏக்கர், எத்தனை பேருக்கு வேலை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இதே வட்டாரத்தில் இன்னொரு தொழிலும் வளர்ந்து, பாதி அழிந்து, மறுபடி தளிர்த்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரில் மைலேஜ் ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்கிற தொழில். தேரடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து, இப்போது ஒரகடத்தில் சொந்த ஷெட் வைத்திருப்பவன் நான். அந்தக் கதையை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சின்ன வேலை. பிளக்கில் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மைலேஜ் புகார் அப்படி இல்லை. வண்டி ஓடுகிறது, சத்தம் இல்லை, புகை இல்லை. பன்னிரண்டு கொடுத்த வண்டி ஒன்பதுதான் கொடுக்கிறது என்கிறார் உடைமைக்காரர். எந்த நட்டில் ஸ்பேனர் வைப்பது? எங்கள் வேலையிலேயே கஷ்டமானது இதுதான் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார்.

பெட்ரோலை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் நம் ஊருக்குப் பழசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயு உலைகளைச் செய்து பஸ்களில் பொருத்தியது. அடுப்புக் கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓடியது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, உலகச் சந்தையில் விலை சில மாதத்தில் நாலு மடங்கானபோது மறுபடியும் அதே நெருக்கடி. 1978-இல் மத்திய அரசு பி.சி.ஆர்.ஏ. என்ற பெட்ரோலியச் சிக்கன அமைப்பைத் தொடங்கியது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள் என்று அவர்கள் ஒட்டிய போஸ்டர்கள் எங்கள் பட்டறைச் சுவரிலும் மஞ்சளடித்துக் கிடந்தன.

எங்கள் மேஸ்திரி வண்டலூர் ஸ்டாண்டர்ட் கார் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்தவர். ஸ்டாண்டர்ட் டென், ஹெரால்டு, கெஸல் எல்லாம் அங்கிருந்து வெளிவந்தவை. 1985-இல் அங்கேயே ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகான வண்டி. ஆனால் உள்ளே வைத்தது 1991 சிசி கொண்ட பழைய வேன்கார்டு குடும்பத்து இன்ஜின். அதே குடும்பத்து இன்ஜின் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கிறது. மாருதி 800 வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். 796 சிசி வண்டியில் குடும்பமே போய்வரலாம் என்று ஜனங்கள் கண்டுவிட்டார்கள். பெட்ரோலை அப்படிக் குடிக்கிற, விலையும் கூடுதலான காரை யார் வாங்குவார்கள்? 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. அந்த வண்டிக்கு ஒரு நல்ல இன்ஜின் கிடைத்திருந்தால் வண்டலூரின் தலையெழுத்தே மாறியிருக்கும் என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி ஒரு தொழிற்சாலையின் கதவையே மூட வைக்கும் என்பதை இந்த வட்டாரம் அப்போதே பார்த்துவிட்டது.

அவர் வேலை செய்கிற முறையை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்பாசடர் வந்து நின்றால் பானட்டைத் திறக்கவே மாட்டார். முதலில் கேள்வி. “ஐயா, இது கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சா, ஒரே நாள்ல இறங்குச்சா?” கொஞ்சம் கொஞ்சமாக என்றால் தேய்மானம். திடீரென்று என்றால் கடைசியாக யாரோ செய்த வேலை. பிரேக் ஷூ மாற்றினார்களா, டிரைவர் மாறினாரா, வாடகை வண்டி என்றால் எந்த ரூட் மாறியது, எல்லாம் கேட்பார். பாதி புகார் அங்கேயே தீரும். முன்பு திருப்பதி லைனில் ஓடிய வண்டி இப்போது பூந்தமல்லிக்குள்ளேயே சுற்றுகிறது என்றால் மைலேஜ் இறங்காமல் என்ன செய்யும்?

அடுத்தது தள்ளிப் பார்ப்பது. சமதரையில் நியூட்ரலில் விட்டு ஒரு பையனைத் தள்ளச் சொல்வார். வண்டி சுலபமாக நகர வேண்டும், கையை எடுத்ததும் கொஞ்ச தூரம் தானாகப் போக வேண்டும். பிறகு பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, தானாக நிற்க விட்டு, இறங்கி ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் புறங்கையை வைப்பார். உள்ளங்கை காய்த்துப்போன கை, சூட்டைச் சரியாகச் சொல்லாது, அதனால் புறங்கை. மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். வீல் சிலிண்டர் துருப்பிடித்து ஷூ திரும்பாமல் நிற்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். இன்ஜினைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

அதற்கு அப்புறம்தான் பானட். நல்ல வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து சாவியை ஆஃப் செய்து வண்டியை ஓரம் கட்டி, சூட்டோடு பிளக்கைக் கழற்றுவார். ஸ்லோவில் ஓடி நின்ற பிளக் பொய் சொல்லும். பிளக்கின் பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூட. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று கூட. அப்புறம் டெல்கோவை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டை ஃபீலர் கேஜால் பார்ப்பார். கடைசியாகத்தான் கார்புரேட்டர்.

கார்புரேட்டரில் ஜெட் என்பது பித்தளையில் செய்த சின்ன திருகு. அதன் நடுவில் ஒரு துளை. அதன் அளவு எண் மேலேயே குத்தியிருக்கும். அடைத்துக்கொண்டால் சில பட்டறைகளில் கம்பியை விட்டுக் குத்துவார்கள். பித்தளை மிருதுவான உலோகம். இரண்டு தடவை கம்பி போனால் துளை விரிந்துவிடும். எண் என்னவோ பழைய எண்தான், பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போகும். வெளியே எதுவும் தெரியாது. மேஸ்திரி ஜெட்டைப் பெட்ரோலில் ஊறப் போட்டு வாயால் ஊதுவார், மீறினால் பிரஷ் முடி ஒன்றை உருவி நுழைப்பார். கம்பியை எடுத்த ஹெல்பருக்கு அன்றைக்குக் கார்புரேட்டர் கிட்டே வரவே அனுமதி கிடையாது. வெளிச்சத்துக்கு எதிரே ஜெட்டைத் தூக்கிப் பிடித்து, துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாம் முடிந்தபின் பாட்டில் டெஸ்ட். ஆஸ்பத்திரியில் வாங்கிய காலி குளுக்கோஸ் பாட்டில், அளவுக் கோடு போட்டது. அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி பானட்டுக்குள் உயரமாகத் தொங்கவிட்டு, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பாட்டில் குழாயைக் கார்புரேட்டரில் மாட்டுவார். உடைமைக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து, சுங்குவார்சத்திரம் பக்கமாகப் போவோம். பெட்ரோல் தீர்ந்து வண்டி எந்த மைல்கல்லில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கண்ணெதிரே தெரிந்த கணக்கு. திரும்பி வர கேனில் தனியாகப் பெட்ரோல் இருக்கும்.

அந்தக் காலத்தில் மாருதிக்குப் போன கார்புரேட்டர்களில் இந்த வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. கார்புரேட்டர்ஸ் லிமிடெட் என்ற சென்னை நிறுவனமும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985-இல் யூகல் ஃப்யூயல் சிஸ்டம்ஸைத் தொடங்கி, மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்தன. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே காரின் வாய் இங்கே செய்யப்பட்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் வந்தது. அதற்கு முன் ரேஸ் எல்லாம் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில். ரேஸ் வண்டிக்கு ஜெட் மாற்றுகிறவர்கள் சிலர் எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களுக்கு வேகம் வேண்டும், எங்களுக்கு மைலேஜ் வேண்டும். இரண்டுக்கும் பிளக்கின் நிறம்தான் சாட்சி.

பெட்ரோலிலேயே கோளாறு என்பதும் புதிதில்லை. அந்தக் காலத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் மலிவு, பெட்ரோல் விலை அதிகம். இரண்டையும் கலந்தால் லாபம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் இன்ஜின் ஏற்றத்தில் டிக்டிக்கென்று தட்டும். தட்டுகிறதே என்று மெக்கானிக் டெல்கோவைத் திருப்பி டைமிங்கைப் பின்னால் தள்ளுவார். தட்டல் நின்றுவிடும், மைலேஜ் இறங்கிவிடும். அடுத்த வாரம் நல்ல பெட்ரோல் போட்டாலும் டைமிங் பின்னாலேயே நிற்கும். கலப்படம் செய்தவன் எங்கோ இருக்க, பழி இன்ஜின் மேல் விழும். இப்படி எத்தனையோ வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துச் சரிபார்க்கச் சொல்லலாம்; வாடிக்கையாளருக்கு அந்த உரிமை இருக்கிறது. இந்த இடத்தில் மஞ்சுநாத் சண்முகத்தின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. கோலார் தங்கவயல்காரர். இந்தியன் ஆயில் அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்க்கின் மேல் நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 27 வயது. பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1996 மே மாதம் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் பதிவானது. இருங்காட்டுக்கோட்டையில் கட்டடம் எழுந்தது. 1998 செப்டம்பர் 23-இல் சான்ட்ரோ அறிமுகமானது. எங்கள் தொழில் இரண்டாகப் பிளந்தது அன்றைக்குத்தான். சான்ட்ரோவில் கார்புரேட்டர் இல்லை. எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். எவ்வளவு தெளிப்பது என்பதை ஈ.சி.யூ. என்ற கணினி முடிவு செய்யும். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட இடமே இல்லாமல் போனது. திருகுவதற்கு மிக்சர் ஸ்க்ரூவும் இல்லை. டெல்லியில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் புகை விதிகளை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்ல, மற்ற கம்பெனிகளும் வேகமாக இன்ஜெக்ஷனுக்கு மாறின. மாருதி 800-உம் 2000-இல் மாறியது. இருபது வருஷம் காதால் கேட்டே ட்யூன் செய்த கைகள் சும்மா நின்றன. அந்த வருஷங்களில் சில மேஸ்திரிகள் தொழிலை விட்டே போனார்கள். கம்பெனி வந்து ஊர் செழித்தது என்று பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அப்போது எல்லாப் பட்டறைகளையும் சுற்றவைத்த கோளாறு தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று அம்பாசடர், பத்மினி காலத்தில் அதைக் கழற்றிவிடுவது வழக்கம். இன்ஜின் குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம். கார்புரேட்டர் வண்டியில் அதனால் பெரிய கேடு வெளியே தெரியவில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் கதை வேறு. கூலன்ட் சூட்டைச் சென்சார் அளந்து ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. இன்ஜின் சூடாகவில்லை என்று செய்தி வந்தால், காலையில் சோக் இழுத்த மாதிரி ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியே தெளிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி நெடுஞ்சாலையில் முழுச் சூட்டுக்கு வரவே வராது. நாள் முழுக்க விடியற்காலைப் பெட்ரோல்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் சில நிமிஷம் ஹோஸ் குளிர்ந்தே கிடக்கும். பிறகு சட்டென்று சுடும். இல்லாவிட்டால், அல்லது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். கழற்றி எடுத்த தெர்மோஸ்டாட்டைப் பக்கத்து டீக்கடையில் ஒரு பாத்திரம் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டரோடு பார்ப்போம். 82 டிகிரி பக்கத்தில் நடுத்தட்டு மெதுவாக எழும்ப ஆரம்பிக்கும். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தச் சின்ன தட்டு எழும்புவதைப் பார்த்த உடைமைக்காரர் யாரும் அதன்பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சம்மதித்ததில்லை.

ஈயம் கலந்த பெட்ரோலும் அப்போது படுத்தியது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் வைத்த கார்களுக்காக 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க வந்தது 2000 பிப்ரவரியில். நடுவில் வெளியூர் போன வண்டி ஈயப் பெட்ரோலைக் குடித்துவிட்டு வந்தால் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் கெட்டுவிடும். சென்சார் கண்ணை மூடிக்கொண்டால் ஈ.சி.யூ.வுக்குப் புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜன் தெரியாது. கலவை கூடியே நிற்கும்.

ஏர் ஃபில்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் இறங்கினால் ஃபில்டரை மாற்று என்பது கார்புரேட்டர் கால அறிவுரை. இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைகிறது, ஈ.சி.யூ. பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. பிக்கப் போகுமே தவிர மைலேஜ் பெரிதாகப் போகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தே காட்டியது. இன்றும் ஃபில்டரை மாற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிற கடைகள் உண்டு.

எங்களுக்குத் தடையாக நின்றது கருவி. கோளாறு ஈ.சி.யூ.வுக்குள் எழுதியிருக்கிறது, அதைப் படிக்கும் ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் இருக்கிறது. கார் செய்யும் ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்தக் காரின் பிழைக் குறியைப் படிக்க முடியாத நிலை. 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளுடன், வண்டியே தன் கோளாறைக் கண்காணிக்கும் ஓ.பி.டி. கட்டாயமாயிற்று, 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2. டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி. அதில் சொருகிப் போனில் படிக்கிற ப்ளூடூத் டாங்கிள் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க ஆரம்பித்ததும் எங்கள் தொழிலுக்கு உயிர் திரும்பியது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் எங்களைப் போன்றவர்களின் குறை நியாயமானது என்று ஒரு சட்ட அமைப்பு எழுத்தில் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தி வந்த பேப்பரை லேமினேட் செய்து ஷெட்டில் மாட்டியிருக்கிறேன்.

இதற்குள் ஒரகடம் வேறு ஊராகிவிட்டிருந்தது. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது, ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேன்கள் அத்தனையும் வேறு பிழைப்புத் தேடின. லோன் கட்ட வேண்டிய வேனில் ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் குடும்பத்துக்கு வலிக்கும். அப்போது வந்த மைலேஜ் புகார்களை நான் அவசர கேஸாகத்தான் பார்த்தேன்.

புதுக் கம்பெனிகளின் சம்பளத்தோடு அலாய் வீல் ஆசையும் வந்தது. பெரிய டயர் போட்டு வந்து, மைலேஜ் போச்சு என்பார்கள். டயரின் சுற்றளவு நாலு சதவீதம் கூடினால், ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட நாலைக் குறைத்துக் காட்டும். வண்டி ஓடிய தூரம் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். அகல டயரின் இழுவையால் நிஜமாகவே போவதும் கொஞ்சம் உண்டு. இதைக் கண்டுபிடிக்க பெங்களூர் ரோட்டுக் கிலோமீட்டர் கல் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஒரு வருஷம் முழுக்க முடிச்சூர், வரதராஜபுரம் வண்டிகள் வந்தன. இன்ஷூரன்ஸில் இன்ஜினைச் சரிசெய்து கொடுத்திருப்பார்கள், ஓடும், மைலேஜ் மட்டும் வராது. பின்சக்கர டிரம்மைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறத்தில் துரு, ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகி, ஷூ பாதியில் நிற்கும். மேஸ்திரியின் புறங்கை முறை அந்த வருஷம் மறுபடி ராஜாவானது.

2020-இல் பாரத் ஸ்டேஜ் 6. டீசல் கார்களில் புகைக்குழாயில் டி.பி.எஃப். வந்தது. கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி சூட்டில் எரிக்கும் வடிகட்டி. அந்தச் சூட்டுக்காக ஈ.சி.யூ. கூடுதல் டீசலைத் தெளிக்கும். படப்பையிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு ஷிஃப்ட் நேர நெரிசலில் உருண்டு வருகிற வண்டியில் எரிக்கும் வேலை பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். தினமும் டீசல் போகும், இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அளவும் ஏறும். சாவியை எடுத்த பின்னும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒரு தடவை பெங்களூர் ரோட்டில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். பில் போட எதுவும் இருக்காது.

கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லை என்று கோபத்தோடு வருகிறவர்கள் தனி. அவர்களிடம் ஒரகடத்திலேயே இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். 2005-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த நாட்ரிப் திட்டத்தில் எழுந்தது. இப்படிப்பட்ட சோதனைக்கூடங்களில் காரை ரோலர் மேல் நிறுத்தி, மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்ற அட்டவணைப்படி சுமார் 20 நிமிஷம் ஓட்டுவார்கள். மொத்தம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர், உச்ச வேகம் 90, ஏ.சி. கிடையாது. எரிந்த பெட்ரோலை நேரடியாக அளப்பதுகூட இல்லை. புகையில் வந்த கார்பனைப் பிடித்து அளந்து, இவ்வளவு கார்பன் என்றால் இவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிடுகிறார்கள். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல, நேர்மையான முறை. மே மாதம் ஏ.சி. போட்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஐந்து பேரோடு போகிற காருக்கு அந்த எண் பொருந்தாது. உங்கள் வண்டியை உங்கள் வண்டியின் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள் என்பேன். ஒரே பங்க், முதல் கிளிக்கில் நிறுத்தி டேங்க் ஃபுல், மறுபடி டேங்க் ஃபுல். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கூட வரும் என்பதை நம்ப வேண்டாம். நிலத்தடித் தொட்டியில் சூடு பெரிதாக மாறுவதில்லை, ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் விரிவது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

கடைசியாக எத்தனால். 2023 பிப்ரவரி 6-இல் பெங்களூரில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அறிமுகமாகி, 2025-க்குள் பெரும்பாலும் எல்லா பங்க்கிலும் அதுவே ஆனது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி, எத்தனாலில் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டரின் மொத்தச் சக்தியில் 6 முதல் 7 சதவீதம் குறையும். 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு இதே 6–7 சதவீத இழப்பைச் சொன்னது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த காருக்கு 1–2 சதவீதம்தான். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லிப் போடப்பட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இதில் நன்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய கார் வைத்திருப்பவருக்கு இவ்வளவு குறையும் என்று பங்க்கிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்த எண் தெரியாததால் அவர் பட்டறை பட்டறையாக அலைந்து, நல்ல இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்குள்ளும் கணக்கு மாறிவிட்டது. ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈ.சி.யூ. வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டித் தெளிக்கிறது என்ற எண், ப்ளஸ் எட்டு காட்டினால், எங்கோ காற்றுக் கசிவு என்று முன்பெல்லாம் ஹோஸ்களைத் தேடுவோம். எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும், அதனால் பழைய காரின் ஈ.சி.யூ. இ20-க்காகத் தானாகவே ஏழெட்டு சதவீதம் கூட்டித் தெளிக்கிறது. அந்த எட்டு இப்போது நோய் இல்லை.

சமீபத்தில் ஒருவர் 2014 மாடல் சின்னக் காரோடு வந்தார். சுங்குவார்சத்திரத்தில் குடும்பம், ஒரகடத்தில் வேலை. 17 கொடுத்தது 13 ஆகிவிட்டதாம், எல்லாம் எத்தனால் செய்த வேலை என்றார். நோட்டில் எழுதிக் காட்டினேன்: எத்தனால் என்றால் ஏழு சதவீதம் வைத்தாலும் 15.8-இல் நிற்க வேண்டும், மிச்சம் கிட்டத்தட்ட மூன்று எங்கே? வண்டியை வல்லம் வரை ஓட்டிவிட்டு வந்து சக்கரங்களைத் தொட்டோம். பின்னால் இடது பக்கம் சுட்டது. வீல் சிலிண்டர் மாற்றி, கேபிளைப் புதுசு போட்டு, டயரில் காற்று வைத்து அனுப்பினேன். இரண்டு டேங்க் கழித்து போன் செய்தார். 15.6 வருகிறதாம்.

“பழைய பதினேழு வராதா அண்ணே?” என்றார்.

“அது இப்ப பெட்ரோல்லயே இல்ல சார்” என்றேன். அதையும் பில்லில் எழுதித் தரச் சொன்னார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கொடுத்தேன்.